எண்ணெயும் ஈரமும் ஒன்றல்ல

மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய நம் சங்கீதப் பிரியர்களிடையே ஒரு வாக்கியம் வேதவாக்காகவே உலவி வருகிறது: "எண்ணெய் போட்டு வெச்சா குழல் வெடிக்காது."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனத்தில் ஒரு சங்கடம் உண்டாகும். இவ்வாண்டு பொங்கல் விழாவில் அது கோபமாகவே மாறிவிட்டது. ஐந்து கட்டை சுருதியில் அமைந்ததும், ஊரில் தம் குருநாதர் கையால் பெற்றுக்கொண்டதுமான ஒரு மூங்கில் குழலை நண்பர் ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். ஊதும் துளையிலிருந்து புறப்பட்ட மெல்லிய கோடு ஒன்று முதல் விரல் துளை வரைக்கும் ஓடி, அதற்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீண்டிருந்தது. வாரந்தவறாமல் எண்ணெய் பூசி வந்தவர் அவர். கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் குழலை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போதல, அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நண்பரின் முகம் வாடிவிட்டது. "பூசு பூசுன்னு பூசினேனே சார்!" என்றார் என்னிடம்.

(அந்தப் பெரியவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவருடைய ராக ஞானத்துக்கு முன்னால் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் இது ராகத்தைப் பற்றிய விஷயமில்லையே.)

அந்த நண்பரிடம் எந்தக் குறையும் இல்லை. அன்று இரவு அவருக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றுபோனதை இங்கே முழுவதும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் மூங்கில் குழலோ, மரக் கிளாரினெட்டோ, நாகஸ்வரமோ இருந்து, நீங்களும் பனிக்காலத்தில் ஹீட்டர் ஓயாமல் ஓடுகிற ஊர் ஒன்றில் வாழ்பவராக இருந்தால், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் காற்றைப் பற்றி. காற்று எவ்வளவு நீராவியைத் தன்னகத்தே தாங்கும் என்பது அதன் உஷ்ணத்தைப் பொறுத்த விஷயம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போய்விட்டால் அதே அளவு காற்று தாங்குவது ஏறக்குறைய ஒரே ஒரு கிராம். எங்கள் ஊரில் தை மாதத்து விடியற்காலையில் அப்படிப்பட்ட குளிர் அபூர்வமன்று. அந்தக் காற்று கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் புகுந்து வீட்டுக்குள் வந்து, ஹீட்டரின் தயவால் 20 டிகிரிக்குச் சூடேறும்போது, கையில் இருப்பது அதே ஒரு கிராம், தாங்கக்கூடியதோ 17 கிராம் என்றாகி, அதன் ஈரப்பதம் நூற்றுக்கு ஐந்தாறு என்ற அளவுக்கு வீழ்ந்துவிடுகிறது. நாம் குளிப்பதும், சமைப்பதும், மூச்சு விடுவதும் சேர்ந்து அதைச் சற்றே உயர்த்துவதால், சாதாரண வீடுகளில் 15 முதல் 25 வரை நிற்கும். உதடு வெடிக்கிறது, கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் பாய்கிறது. நம் சரீரமே தாகத்தால் தவிக்கும் அந்த அறையில்தான் குழலும் சுவரோரமாக மாட்டியிருக்கிறது.

இனி மரம். வெட்டி எத்தனை வருஷமானாலும் மரம் சுற்றியுள்ள காற்றோடு நீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும்; காற்றின் ஈரப்பதம் எதுவோ அதற்கேற்ற ஒரு சமநிலையை அடையும் வரை அது ஓயாது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்குமானால், மரத்தின் எடையில் சுமார் 12 சதவீதம் நீராக இருக்கும். 50 சதவீதம் என்றால் 9. 20 சதவீதம் என்றால் நாலரை. மூங்கிலும் ஏறத்தாழ இதே தர்மத்தைத்தான் அனுசரிக்கிறது. காவேரிக் கரையிலோ சென்னையிலோ பிறந்து, அந்த ஈரக் காற்றில் துளையிடப்பட்டு, அந்தக் காற்றிலேயே சுருதி பார்க்கப்பட்ட ஒரு குழல், இங்கே வந்த ஒரே பனிக்காலத்தில் தன் உள்ளிருப்பு நீரில் பாதிக்கு மேல் இழக்கிறது என்று அர்த்தம். அது சுருங்காமல் என்ன செய்யும்?

சுருங்குவதிலும் ஒரு விபரீதம் உண்டு. நீளவாட்டில் மரம் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. ஆனால் குறுக்குவாட்டில் சுருங்கும். அதிலும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே வட்டமாகக் கடைந்த துவாரம் உலரும்போது லேசாக முட்டை வடிவம் கொள்கிறது. அதில் பொருந்த வேண்டிய இணைப்புகள் ஆடுகின்றன. மூங்கிலின் கதை இன்னும் கஷ்டமானது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் அதன் நார்கள் அனைத்தும் நீளவாட்டிலேயே ஓடுகின்றன. மற்ற மரங்களில் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் குறுக்கே சென்று கட்டிப் பிடிக்கும் கதிர்த் திசுக்கள் மூங்கிலுக்குக் கிடையா. கூடை முடைகிறவர் கத்தியின் நுனியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நெடுகப் பிளந்து அழகான பிளாச்சுகளாக வருவது இந்தக் குணத்தினால்தான். அவருக்கு வரமாக அமைந்த குணம் நமக்குச் சோதனையாகிறது.

இவ்வளவும் குழலை வாசிக்காமல் வைத்திருந்தாலே நேருவது. வாசித்தாலோ?

நாம் ஊதும் மூச்சு உடம்பின் சூட்டோடும், தாங்கக்கூடிய அத்தனை நீராவியோடும் குழலுக்குள் இறங்குகிறது. உட்சுவர் அந்த ஈரத்தை வாங்கிப் பருக்கிறது. வெளிச்சுவரோ வறண்ட அறையைப் பார்த்தபடி இருப்பதால் இறுகுகிறது. உள்ளே விரிய முயலும் ஒரு வளையத்தை வெளியே சுருங்க முயலும் மற்றொரு வளையம் கட்டிப் பிடித்திருக்கும் நிலை அது. ஓர் எல்லை வரை தாங்கும், அதன்பின் வெளித்தோல்தான் முதலில் கிழியும். ஆகவேதான் விரிசல் பெரும்பாலும் வெளிப்புறத்தில் ஆரம்பிக்கிறது. ஆகவேதான் வாய்க்கு மிக அருகில் உள்ள பாகத்தில் ஆரம்பிக்கிறது. ஆகவேதான் ஏற்கெனவே துளை போட்டுப் பலவீனமான இடத்தில் ஆரம்பிக்கிறது. நண்பரின் குழலில் கோடு எங்கே தொடங்கியது என்று நினைவிருக்கிறதல்லவா?

நான் சொல்லவந்த விஷயத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வறட்சி ஒன்றே மரத்தைப் பிளப்பதில்லை. மெல்ல மெல்ல, எல்லாப் பக்கமும் ஒரே சீராக உலரும் மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சடுதியாகவும், ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் மாறும்போதுதான் அதன் நார் அறுகிறது. நம்முடைய பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் இந்த வேகத்தையும் இந்த ஏற்றத்தாழ்வையும் குறைப்பதற்காகவே இருக்க வேண்டும்.

எண்ணெய்க்கு வருவோம்.

எண்ணெய் பூசும் வழக்கத்தை நான் இகழவில்லை. எங்கள் வீட்டுக் குழல்களுக்கும் பருவத்துக்கு ஒருமுறை போடுகிறேன். ஆனால் அந்த வழக்கம் எங்கே பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். குழல் வித்வான் சரப சாஸ்திரிகள் (1872–1904) வாழ்ந்த கும்பகோணத்தில், மாலி என்று உலகம் கொண்டாடிய குழல் மேதை டி. ஆர். மகாலிங்கம் 1926-இல் பிறந்த திருவிடைமருதூரில், காற்றுக்கு ஈரம் ஊட்ட வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது? ஆறும் வாய்க்காலும் வயலும் அந்தப் பணியைக் கேட்காமலே செய்துவந்தன. அங்கே குழலுக்குச் சத்துரு வேறு: எச்சிலும் வியர்வையும் ஊறுவது ஒன்று, பூஞ்சை ஒன்று, மூங்கிலிலுள்ள மாவுச்சத்தைத் தின்று பொடியாக்கும் வண்டு ஒன்று. எண்ணெய் இவற்றைத் தடுக்கும். நீர் உள்ளே புகாமல் தடுக்கும் காவலாளியாக அது அங்கே நியமனம் பெற்றது. அதே காவலாளியை மினசோட்டாவுக்கு அழைத்து வந்து, "இருக்கிற நீரை வெளியே விடாதே, இல்லாத நீரை உண்டாக்கு" என்று கட்டளையிட்டால் எப்படி? நீர் வெளியேறும் வேகத்தை எண்ணெய் கொஞ்சம் குறைக்கும். அது உண்மை, அந்த அளவுக்குப் பிரயோஜனம் உண்டு. போன நீரை அது திருப்பித் தராது. எத்தனை பூச்சுப் பூசினாலும் தராது.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். வட தேசத்துப் பாங்சுரிகளுக்குக் கடுகெண்ணெய் வழக்கம். நம்மவர் பலர் தேங்காயெண்ணெயை எடுக்கிறார்கள். அது சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் பண்டமாகையால், 20 டிகிரியில் இருக்கும் எங்கள் வீட்டில் புட்டியிலேயே வெள்ளையாகக் கட்டிப்போய் நிற்கிறது. குழலின் மேலும் அப்படியே படிந்து நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலர்ந்து பிசின் போன்ற படலமாகிவிடும். வாசித்துப் பழகிய குழலுக்கு, என் அபிப்பிராயத்தில், பாதாம் எண்ணெய் உத்தமம்: உறைவதில்லை, சீக்கிரம் சிக்குவதும் இல்லை. துணியில் நனைத்து, மெல்லியதாக உள்ளும் புறமும் தடவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மிச்சத்தை ஒட்ட ஒட்டத் துடைத்துவிட வேண்டும். ஊதும் துளையின் விளிம்பில் எண்ணெய் தேங்கக் கூடாது. அந்த விளிம்பின் கூர்மையில்தான் நாதமே பிறக்கிறது. கிளாரினெட்டானால் சாவிகளின் அடியிலுள்ள பேடுகளில் ஒரு சொட்டும் படக்கூடாது.

சரி, போன நீரை எப்படித்தான் திருப்பித் தருவது?

வீடு முழுவதையும் ஈரமாக்கிவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். பெரிய ஹ்யூமிடிஃபையர் ஒன்றை வாங்கி, 50 சதவீதத்தில் நிறுத்திவிட ஆசைப்படுவார்கள். வெளியே கடுங்குளிராக இருக்கும்போது அது நடவாத காரியம். ஜன்னல் கண்ணாடியில் அந்த ஈரமெல்லாம் வியர்த்து வழிந்து, கீழ்ச்சட்டத்தில் பனிக்கட்டியாகவே உறையும். சுவருக்குள் புகுந்தால் பூஞ்சை பிடிக்கும். இத்தகைய குளிரில் வீட்டுக்குள் 20, 25 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று கட்டட விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். வீட்டைக் காப்பாற்றவும் வேண்டும், குழலைக் காப்பாற்றவும் வேண்டும் என்றால், குழலுக்கென்று ஒரு சிறு வீடு தனியே அமைப்பதுதான் வழி. அதாவது, காற்றுப் புகாத ஒரு பெட்டி.

இதில் நான் செய்து பார்த்த பரிசோதனைகள் பல.

ஆரஞ்சுத் தோல் வைப்பது இங்கே பாண்டு வாத்தியக்காரர்களிடையே பழைய கால வழக்கம். பெட்டிக்குள் ஒரு துண்டு போட்டு மூடினேன். வாசனை ரம்மியமாகத்தான் இருந்தது. ஆனால் ஈரம் முதலில் ஒரேயடியாக ஏறி, பிறகு ஒரேயடியாக இறங்கியது. தோலின் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சையும் தலைகாட்டியது. எந்த ஏற்ற இறக்கத்துக்குப் பயந்து பெட்டி வைத்தோமோ அதையே பெட்டிக்குள் கொண்டுவந்து விடுகிறது. வேண்டாம்.

அடுத்து, துளையிட்ட சோப்புப் பெட்டியில் ஈரப் பஞ்சு. இது எவ்வளவோ தேவலை. மூங்கில் குழலுக்குப் போதும். பஞ்சைப் பிழிந்துவிட்டு வைக்க வேண்டும், காய்ந்ததா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெட்டி சாய்ந்தால் சொட்டும். கிளாரினெட் பேடுகளுக்கு ஆபத்து.

மூன்றாவதாக நான் வந்து நின்றது, கெட்டியான உப்புக் கரைசல் அடைத்த சிறு உறைகளில். இவற்றின் தத்துவம் எனக்கு மிகவும் பிடித்தது. நீரில் இனிக் கரையாது என்னும்படி உப்பைச் சேர்த்து, மிச்ச உப்பு அடியில் தங்கும்படி வைத்தால், அந்தக் கரைசலுக்கு மேலே மூடிய இடத்திலுள்ள காற்று ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்திலேயே நிலைத்து நிற்கும். குறைந்தால் கரைசல் நீரைக் கொடுக்கும், கூடினால் தானே வாங்கிக்கொள்ளும். உப்புக்கு உப்பு அந்த எண் வேறுபடும். நீராவி மட்டும் போய்வரும் சவ்வு உறையில் இதை அடைத்து, 50-க்குப் பக்கத்தில் நிற்கும்படி செய்து, வாத்தியங்களுக்கென்றே விற்கிறார்கள். சொட்டுவதில்லை, பருவம் மாறினாலும் தன் கடமையை மாற்றுவதில்லை. உள்ளே கையால் தொட்டால் கல்லாகக் கட்டிப்போயிருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

(சமையலறை உப்புக்கு அந்த எண் 75. இது உங்களுக்கு வேறொரு வகையில் மிகவும் உபயோகப்படும். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர்களில் மலிவானவை பல தப்பாகவே காட்டும். ஒரு புட்டி மூடியில் உப்பை நிரப்பி, ஈர மணல் போலாகும்படி சில துளி நீர் விட்டு, அதையும் கருவியையும் ஒரு ஜிப் பையில் போட்டு இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்டினால் கருவி யோக்கியமானது. 69 காட்டினால், இனி எப்போதும் ஆறு கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பாராமல் ஈரத்தை ஊகிப்பது, சுருதிப்பெட்டி இல்லாமல் சுருதி சேர்ப்பதைப் போன்றது.)

பெட்டிக்கும் அதிகம் செலவழிக்க வேண்டாம். ஐந்து கட்டைக் குழலுக்கு ரப்பர் ஓரம் வைத்த நீளமான சமையலறை டப்பாவே போதும். நீண்ட இரண்டு கட்டைக் குழலுக்கு, இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயை அளவுக்கு அறுத்து, இரு முனையிலும் மூடி போட்டு, உள்ளே பழைய பருத்தித் துணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன். பார்வைக்கு அலங்காரமில்லை; ஆனால் விலையுயர்ந்த வெல்வெட் பெட்டிகள் பல காற்றைத் தடுப்பதே இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். வாசித்து முடித்த கையோடு, மூச்சின் ஈரம் உள்ளே ஊறியிருக்கும்போதே குழலை இறுக மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குச்சியில் மெல்லிய துணி சுற்றி உட்புறத்தைத் துடைத்து, சிறிது நேரம் வெளியே ஆறவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். வெயில் விழும் ஜன்னல், ஹீட்டரின் வெப்பக் காற்று வரும் துவாரம், வெளிச்சுவர், வாகனத்தின் பின்பக்கம் இந்த நான்கு இடங்களிலும் பெட்டி இருக்கவே கூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூட பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். (அவள் வாசிப்பதைக் கேட்டே எனக்கு அந்த வாத்தியத்தின் மீது பிரேமை உண்டாயிற்று.) அவளுடைய வாத்தியம் கிரெனடில்லா என்னும் மரத்தால் ஆனது. அந்த மரம் டான்சானியா, மொசாம்பிக் தேசங்களில் வளர்வது; நம்முடைய ஈட்டி மரத்துக்கு ஆப்பிரிக்க உறவினன் என்று சொல்லலாம், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. இத்தனை கெட்டியான மரம் வெடிக்குமா என்று அவளுடைய தாயார் என்னிடம் ஆச்சரியப்பட்டார். கெட்டியானதால்தான் வெடிக்கிறது. நீர் அதில் மெதுவாகப் புகுவதால், உள்ளே ஈரமாகவும் வெளியே வறட்சியாகவும் நிற்கும் அந்த ஏற்றத்தாழ்வு நெடுநேரம் நீடிக்கிறது.

அந்தக் குழந்தைக்கு நான் சொன்னது இதுதான். "வெளியிலேர்ந்து வந்ததும் பெட்டியத் தொறக்காதேம்மா. பெட்டியோட சேர்ந்து அது தானா ரூம் சூட்டுக்கு வரட்டும். ஊதிச் சூடு பண்ணாதே. மேல் துண்டைக் கையில, கக்கத்துல வெச்சு வெளியிலேர்ந்து சூடு பண்ணு." குளிர்ந்த மரத்துக்குள் சூடான மூச்சை முதலில் செலுத்துவதைப் போலக் கொடுமை அதற்கு வேறில்லை. புது வாத்தியமானால் முதல் சில வாரங்கள் நாளொன்றுக்குக் கால் மணி, அதன்பின் சிறிது சிறிதாகக் கூட்டி வாசிக்க வேண்டும். திறந்த வெளியில் அணிவகுத்து வாசிக்கும் நாட்களுக்குப் பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. பஃபே கிராம்போன் என்னும் பிரெஞ்சு நிறுவனம் கிரெனடில்லாத் தூளையும் கார்பன் நாரையும் பிசினோடு சேர்த்து அழுத்தி, வெடிக்காத கிளாரினெட்டுகளை 1990-களிலிருந்து செய்துவருகிறது. வசதியுள்ளவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

மரம் முன்கூட்டியே எச்சரிக்கையும் செய்யும். கிளாரினெட்டின் இணைப்புகளைச் சுற்றியுள்ள உலோக வளையங்கள் விரலால் திருப்பினால் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். சுற்றினால், அடியிலுள்ள மரம் சுருங்கிவிட்டது. விரிசல் வாசலில் நிற்கிறது. அன்றே பெட்டியின் ஈரத்தைக் கவனியுங்கள். மூங்கில் குழலில் இப்படி வளையம் கிடையாது. ஆனால் நூல் கட்டு உண்டானால், அது தளர்ந்து நகர்கிறதா என்று பார்க்கலாம்.

குழல் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது விரிசலையே சந்தேகிக்க வேண்டியதும் இல்லை. காற்றின் உஷ்ணம் குறைந்தால் சுருதி இறங்கும். ஒரு டிகிரிக்கு மூன்று சென்ட் (சுருதி வேறுபாட்டை அளக்கும் நுண்ணளவு) என்று வைத்துக்கொள்ளலாம். பத்து டிகிரி குளிர்ந்த மண்டபத்தில் குழல் சுருதிப்பெட்டியோடு சேராமல் நிற்பதற்கு அதுவே போதிய காரணம். ஆனால் எல்லாத் துளைகளையும் மூடி வாசிக்கும் கீழ் ஸ்வரங்கள் மட்டும் காற்றாகிப்போய், மேல் ஸ்வரங்கள் சுகமாகப் பேசினால், எங்கோ கசிவு இருக்கிறது. சந்தேகப்படும் கோட்டின் மேல் செல்லோ டேப்பை நீளவாட்டில் ஒட்டி வாசித்துப் பாருங்கள். அந்தக் கீழ் ஸ்வரங்கள் திரும்பி வந்தால் திருடன் பிடிபட்டான்.

விரிசல் விழுந்தே விட்டதா? பதறி, உடனே பசையை எடுத்து அதில் ஊற்றாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். வறண்டு வாய் பிளந்து நிற்கும் கோட்டில் மெழுகையோ பிசினையோ திணித்து நிரப்பினால், கோடை வந்து மரம் மீண்டும் பருக்கும்போது அந்தத் திணிப்பே ஆப்பாக நின்று இன்னும் பிளக்கும். முதலில் குழலை 50 சதவீத ஈரமுள்ள பெட்டியில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரமாகலாம், இரண்டு வாரமாகலாம். பெரும்பாலான மெல்லிய விரிசல்கள் தாமாகவே உதடுகள் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதன்பின்தான் நீர்போல் மெல்லிதாக ஓடும் சூப்பர் குளூவைக் கோட்டின் மேல் ஓடவிட்டு, உறுதியான நைலான் நூலால், விரல் துளைகளுக்கு இடையிலுள்ள இடங்களில் நெருக்கமாகச் சுற்றி, நூலின் நுனியைச் சுற்றுக்கு அடியிலேயே இழுத்து மறைத்துக் கட்ட வேண்டும். வட தேசத்துக் குழல்களில் அழகுக்காகக் கட்டியதுபோல் தோன்றும் வண்ண நூல் கட்டுகள் இந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன: நீளவாட்டில் மட்டுமே பலமுள்ள ஒரு பொருளுக்கு அவை குறுக்குவாட்டில் பலம் தருகின்றன. நம் கர்நாடகக் குழல்களில் பலவும் கட்டில்லாமல் வருகின்றன. வறண்ட தேசத்துக்கு வரும் குழலுக்கு, வெடிக்கும் முன்னரே இரு முனையிலும், ஊதும் துளைக்கு இரு புறமும் கட்டுப் போட்டுவிடுவது நல்லது என்பது என் தீர்மானமான எண்ணம். நாதம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கட்டுப் போட்டும் போடாமலும் ஒரே குழலை வாசித்துப் பார்த்தேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கிளாரினெட் வெடித்தால் நீங்களே கை வைக்காதீர்கள். குறுக்கே சிறு துளையிட்டு உலோக ஊசிகளைச் செலுத்தியோ, கார்பன் நார் வளையம் பதித்தோ இறுக்கிவிடும் நுட்பம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செப்பனிட்ட வாத்தியங்கள் பல்லாண்டு பாடுகின்றன.

வசந்த காலத்தில் இங்கே வரும் வித்வான்களுக்கும் ஒரு வார்த்தை. 1978 முதல் நடந்துவரும் கிளீவ்லண்ட் தியாகராஜ ஆராதனையை ஒட்டி ஊர் ஊராகக் கச்சேரி செய்யவருபவர்கள், சித்திரை பிறந்துவிட்டதே, பனி போய்விட்டதே என்று நினைத்துவிடுகிறார்கள். வடக்கத்தி ஊர்களில் அப்போதும் ஹீட்டர் ஓடும். அதற்கு முன்பே விமானத்தின் உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அதில் ஒரு நாள் முழுதும் பிரயாணம். சென்னையிலேயே உப்பு உறையோடு ஜிப் பையில் குழல்களைப் போட்டு மூடி, கையோடு கொண்டுவந்து, ஓட்டலில் வாசிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தப் பைக்குள்ளேயே வைத்திருந்தால், கச்சேரி நாளன்று மேடையில் மாற்றுக் குழலைத் தேட வேண்டிய நிலை வராது.

பொங்கல் விழா நண்பரின் குழல் இப்போது எங்கள் வீட்டு டப்பாவில்தான் இருக்கிறது. கோடு ஏறக்குறைய மூடிவிட்டது. அடுத்த வாரம் கட்டுப் போடுவதாக உத்தேசம்.

இதற்கிடையில் அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று வந்திருக்கிறது. எங்கள் கோவிலில் வாசிக்க வரும் ஒரு நாகஸ்வரக்காரர், நரசிங்கம்பேட்டையில் செய்த பாரி (நீண்ட வகை) நாகஸ்வரம் ஒன்றை மாசி மாதத்தில் கொண்டுவருகிறார். நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரத்தில் சுத்த மத்யமத்தைச் சீர்படுத்திக் கொடுத்த ஊர் அது; 2022-இல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆச்சா மரத்தில் செய்வது. அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கிச் செய்வது. பல தலைமுறைகள் வீட்டைத் தாங்கி நின்ற மரத்துக்குள் முறுக்கமெல்லாம் அடங்கிப்போயிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. "நூறு வருஷத்து மரங்க, இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவர் தொலைபேசியில் சிரித்தார். முறுக்கம் அடங்கினாலும் தாகம் அடங்குவதில்லை என்றும், அந்த நூறு வருஷமும் அது குடித்தது டெல்டாவின் காற்றைத்தான் என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நீங்க சொல்றபடியே செஞ்சுடுறேங்க" என்றார். உலவை (நாகஸ்வரத்தின் உடற்குழல்) நீளமான பையில் இரண்டு உப்பு உறைகளோடு மூடி, அணசைத் (அடியிலுள்ள புனல்) தனியே துணியில் சுற்றி, வாயில் வைத்து ஊதும் சீவாளிகளைச் சிறு டப்பாவில் வேறாக வைத்து, விமானத்தில் கையோடு கொண்டுவரும்படியும், இங்கே வந்து இறங்கிய அன்று பையைத் திறக்கவே வேண்டாமென்றும் எழுதி அனுப்பியிருக்கிறேன். சீவாளி விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்தான் குரு. இந்த வறட்சியில் நாணல் எத்தனை சீக்கிரம் விறைக்கிறது, கச்சேரி நடுவே எப்படி நனைத்து வைத்துக்கொள்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து அடுத்த பதிவில் எழுதுகிறேன்.